போதும் என்றால் விட வேண்டும்

எங்கள் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஒரு திருடன் இருந்தார். மரியாதையாகத்தான் சொல்கிறேன். காலை ஆறரைக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். மாலை நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்புவார். நடுவில் நாற்பது தடவை கையும் களவுமாகப் பிடிபடுவார். அதுதான் அவருடைய வேலை. காகிதத்தில் 'பயிற்சி உதவியாளர்' என்று போட்டிருக்கும், ஆனால் அப்படி ஒருவரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மட்டும், வயதில் மூத்தவரை மொட்டையாகத் திருடன் என்பது நன்றாயில்லை என்று நினைத்தோ என்னவோ, 'திருடண்ணன்' என்பார்கள்.

நான் அங்கே முதலுதவி அறையில் நர்ஸ். பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே இரண்டு கட்டில், சுற்றும்போது முனகுகிற அதே மின்விசிறி. ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருக்கும். எந்தப் பிள்ளை எந்தக் காலை நொண்டிக்கொண்டு வரப்போகிறது என்பது அது விழும்போதே எனக்குத் தெரிந்துவிடும். வாசலுக்கு வருவதற்குள் ஐஸ் பையை எடுத்து வைத்திருப்பேன்.

போலீஸ்காரருக்குக் கட்டுப் போட்டிருந்தால், ஏதோ கொள்ளைக்கூட்டத்தோடு மோதிவிட்டு வந்தார் என்று வெளியே நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. நான் பார்த்த காயங்களில் முக்கால்வாசி கயிற்றாலும் சுவராலும் வந்தவை. சுவர் ஏறிக் குதித்துக் கணுக்கால் பிசகியவர்கள், கயிற்றில் சறுக்கி உள்ளங்கைத் தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள், உட்கார்ந்து எழுந்து குதிக்கும்போது தன் முழங்காலிலேயே தன் பல்லை உடைத்துக்கொண்டவர்கள். ஒரு பிள்ளை அதிகாரியைப் பார்த்ததும் விறைப்பாக சல்யூட் அடித்துத் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டது. இன்னும் இரண்டு பேர், அடிபட்டவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடும் பயிற்சியில் சேர்ந்து விழுந்து, யார் யாரைத் தூக்கினோம் என்று என் அறையில் வந்து சண்டை போட்டார்கள்.

இதையெல்லாம் நான் காயப் பதிவேட்டில் எழுதுவேன். அதில் 'காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. உடற்பயிற்சி மாஸ்டர் வந்து அந்தப் பத்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போவார்: கவனக்குறைவு. அவருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். கேன்டீனில் டீ வேண்டுமென்றால்கூட ஊதித்தான் கேட்பார். மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறர் உடம்பு வலிக்கும் என்பதை அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் திருடன் முதலில் எங்களிடம் திருட வரவில்லை, தைக்க வந்தார். மைதானத்தில் விழுந்து பழகுவதற்குப் போட்டிருக்கும் மெத்தைகள் கிழிந்துபோனால் தைத்துக் கொடுக்க வெளியிலிருந்து ஆள் வருவது வழக்கம். அந்த ஆள் அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவரை விசில் கூப்பிட்டார்.

"யோவ், கொஞ்சம் ஓடிக் காட்டு. இவனுங்க உன்னைப் பிடிக்கட்டும்."

அவர் ஓடினார். நாலு பேர் துரத்தினார்கள், பிறகு எட்டுப் பேர். கடைசிவரை ஒருவர் கையிலும் அகப்படவில்லை. தைக்க இன்னும் இரண்டு மெத்தை பாக்கியிருக்கிறது என்று அவராகவே வந்து ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமே வேலை நியமனம் வந்தது. மெத்தை தைக்க வந்தவர் மெத்தையில் விழ ஆரம்பித்தார்.

அந்த வேலையை அவர் சும்மா செய்யவில்லை. கைவசம் ஏழு விதத் திருடர்கள் வைத்திருந்தார். பிடித்தவுடன் மயங்கி விழும் திருடன். "என் மாமா யாருன்னு தெரியுமா?" என்று கேட்கும் திருடன். சட்டம் பேசும் திருடன். மூன்று பிள்ளைகளின் பசியைச் சொல்லி அழுகிற திருடன் – இவன் வரும் நாளில் புதுப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கண் கலங்கிப் பிடியைத் தளர்த்திவிடுவார், உடனே அழுகிறவன் எழுந்து ஓடிவிடுவான். வீட்டிலும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "சத்தியமா நான் இல்ல சார்" என்பதைப் பல விதமாகச் சொல்லிப் பார்ப்பாராம். "மெதுவாச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி அதட்டுவாராம். அந்த அம்மாள் ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர். கணவர் போலீஸில் இருக்கிறார் என்றுதான் வெளியில் சொல்வார். போலீஸில் என்ன வேலை என்று யாராவது துருவினால், "பிடிக்கிற செக்ஷன்ல" என்பார். பாதி உண்மைதானே.

இவ்வளவு திறமைக்கும் விலை கொடுத்தது அவருடைய வலது தோள். கையைப் பின்னால் மடக்கி மேலே ஏற்றுகிற பிடி ஒன்று இருக்கிறது. ஒரு அங்குலம் குறைந்தால் திருடன் ஓடிவிடுவான், ஒரு அங்குலம் கூடினால் தோள் கழன்றுவிடும். அந்த ஒரு அங்குலம் இருபது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் வலித்தால் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு கையையும் பின்னால் பூட்டிய பிறகு எதைக் கொண்டு தட்டுவது? ஒரு முறை காலால் தட்டிப் பார்த்தார். உதைக்கிறான் என்று மேலும் இரண்டு பேர் வந்து மேலே விழுந்தார்கள்.

மூன்றாம் முறை தோள் கழன்ற நாளை நான் மறக்க மாட்டேன். "ஐயோ செத்தேன், விடுங்கடா!" என்று அலறினார். திருடண்ணன் இன்றைக்குப் பிரமாதமாக நடிக்கிறார் என்று சுற்றியிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தொங்குவதைப் பார்த்த பிறகுதான் தட்டல் நின்றது. மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நேராகவே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தடவை கழன்றால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு ஓடுவதையும் விழுவதையும் மறந்துவிட வேண்டியதுதான். வெளியே வந்ததும் அவர் என்னிடம், "இதை அவகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். மெத்தை தைக்கப் போங்கன்னு உட்கார வச்சிருவா," என்றார். அவருக்கு மைதானம் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குள் போய் நின்றேன். அவர் பள்ளிக்கே தலைவர், நல்ல மனிதர், எதையும் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடுவில் நின்றுவிடுகிறவர். திருடனின் நடிப்பில் ஒருபோதும் வராத ஒரு சொல்லை அவருக்குக் கொடுங்கள், அதைச் சொன்னால் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள் என்றேன். எந்தச் சொல் என்று திருடனையே கேட்டோம். தன்னுடைய ஏழு பேரையும் மனத்துக்குள் கூப்பிட்டு விசாரித்தவர்போல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"என் திருடன் எவனும் 'போதும்'னு சொல்றதில்ல ஐயா," என்றார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். போதும் என்றால் அந்த நொடியே விட வேண்டும். விசில் ஒரு காரியத்தை எடுத்தால் ஒழுங்காகச் செய்வார், அதையும் சொல்ல வேண்டும். நூற்றிருபது பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லைக் கையில் ஏற்றிவிட்டார். காது கேட்டு மூளை யோசிப்பதற்கு முன்னால் விரல்கள் திறந்துகொள்ளும். இரண்டு வருடம் ஒரு தோள்கூடக் கழலவில்லை. சின்னச் சின்னச் சேதங்கள் உண்டு. இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கி வந்து சுவரோரம் சேர்த்தபோது ஒருவன் "போதும்" என்றான், மற்றவன் அங்கேயே கையை விட்டான், பெஞ்சு சொன்னவன் கால்மேல் விழுந்தது. கேன்டீனில் சாப்பாடு போடுகிறவரிடம் ஒரு பிள்ளை போதும் என்று சொல்ல, பின்னால் நின்ற பிள்ளையின் தட்டு நழுவியது. இதற்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டே மருந்து போட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்த வருடத்துப் பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் 'பசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வீட்டில் சலவைக்கடை. பத்து வயதிலிருந்து ஈரப் போர்வைகளை முறுக்கிப் பிழிந்த கை. ஒருவரைப் பிடித்தாளென்றால் பிரித்தெடுக்க ஆள் வேண்டும். திருடன் அவளிடம் அகப்படும்போதெல்லாம் பாதி வழியிலேயே போதும் என்றுவிடுவார். அவளும் உடனே விட்டுவிட்டு, "வலிச்சுதாண்ணே?" என்று கேட்பாள். பிடித்தவனைப் பார்த்து அப்படிக் கேட்கிற போலீஸை நான் அவளைத் தவிரப் பார்த்ததில்லை.

பயிற்சி முடியும் தறுவாயில் பிள்ளைகளை இரண்டு வாரம் காவல் நிலையங்களுக்கு அனுப்பிப் பழக்குவார்கள். பசைக்குப் பேருந்து நிலையம் கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மாளின் கைபேசியை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினான். பசை அவனைத் துரத்தி, டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் மடக்கி, பாடத்தில் உள்ளபடியே கையைப் பின்னால் ஏற்றினாள். அவன் வலி தாங்காமல் கத்தினான்.

"போதும் போதும்!"

பசை விட்டுவிட்டாள். தான் விடவில்லை, கைதான் விட்டது என்று விசாரணையில் சொன்னாள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கைபேசியைப் பறித்தவன்கூட நம்ப முடியாமல் இரண்டு நொடி நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தானாம். "போகலாமா?" என்று கேட்டதாகவும் ஒரு பேச்சு அடிபட்டது, அதை நான் நம்பவில்லை. பிறகு ஓடினான். கைபேசியும் ஓடியது. சுற்றி நின்ற ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பெரிய அதிகாரியின் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பசையை வீட்டுக்கு அனுப்புவதற்கு. மற்றொன்று அந்தச் சொல்லை ஒழிப்பதற்கு. பசை மூலையில் விறைப்பாக நின்றாள், கண் மட்டும் தரையில் இருந்தது. திருடன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் காயப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"ஐயா, திருடன் சொன்னா போலீஸ் விட்டுடுது. இந்தக் கூத்து உலகத்துலயே நம்ம பள்ளியிலதான் நடக்குது," என்றார் விசில். "அந்த வார்த்தைய இன்னையோட எடுத்துடணும்."

"எடுத்துட்டா அவர் தோள் போயிடும்," என்றேன் நான். பதிவேட்டைப் பிரித்து, சொல் வருவதற்கு முன்னால் கழன்ற மூன்று தேதிகளையும் வாசித்தேன். அதற்குப் பிறகு தோள் என்ற சொல்லே வராத பக்கங்களையும் விரித்துக் காட்டினேன். "டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். இன்னொரு தடவைன்னா அவர் மைதானத்துக்கே வர முடியாது. இந்தப் பொண்ணு செஞ்சது நாம சொல்லிக் கொடுத்ததைத்தான். அதுக்கு அவளை வீட்டுக்கு அனுப்புறதா?"

பெரிய அதிகாரி வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்தார். "வேற வார்த்தை வைப்போம்," என்றார். "நிஜத் திருடன் வாயில வராத வார்த்தை. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் செஞ்சு பார்ப்போம். அது வேலை செஞ்சா தப்பு வார்த்தை மேலதான், இந்தப் பொண்ணு மேல இல்ல. செய்யலன்னா ரெண்டு காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போடுறேன்."

அப்புறம் அரை மணி நேரம் அந்த அறையில் நடந்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அலுவலக எழுத்தர் 'பென்சில்' என்று ஒரு யோசனை சொன்னார். எந்தத் திருடனும் பென்சில் என்று கத்த மாட்டான் என்பது சரிதான். விசில் எழுந்து போய், கேட்காமல் கொள்ளாமல் எழுத்தரின் கையைப் பின்னால் முறுக்கினார்.

"அம்மா!" என்றார் எழுத்தர்.

"பென்சில் எங்கய்யா?"

"ஐயோ அம்மா, விடுங்க சார்!"

விசில் விட்டுவிட்டு, "பார்த்தீங்களா? வலிக்கிறப்ப எவனுக்குப் பென்சில் ஞாபகம் வரும்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. நான் ஒரு எண் சொல்லலாமே என்றேன். என் பக்கத்தில் நின்றிருந்த எழுத்தர் சட்டென்று மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்போதுதான் பெரிய அதிகாரிக்கு அந்த யோசனை உதித்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிடிபட்ட எவனும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தடவை கூட நான் கேட்டதில்ல," என்றார். "'நான்தான் எடுத்தேன்.'"

எல்லோரும் சிரித்துவிட்டோம். விசில் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பசைகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். நானும்தான் சிரித்தேன். அவ்வளவு கச்சிதமாக இருந்தது. சிரிக்காதவர் ஒருவர்தான்.

"அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன் ஐயா," என்றார் திருடன்.

"ஏன்யா?"

"பதினோரு வருஷமா எல்லாரும் என்னைத் திருடன்னுதான் கூப்பிடுறீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே வரேன். ஏன்னா நான் ஒரு தடவை கூட ஒத்துக்கிட்டதில்ல. ஒரு நாளைக்கு நாப்பது தடவை பிடிக்கிறாங்க, நாப்பது தடவையும் நான் இல்லன்னுதான் சொல்லியிருக்கேன். நடிப்புலகூட அந்த வார்த்தைய வாயில வச்சதில்ல ஐயா."

"அட, சும்மா ஒரு வார்த்தைதானேய்யா," என்றார் பெரிய அதிகாரி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த மனுஷன் தன் தோளையும் பார்க்காமல் வீம்பு பிடிக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. திருடன் மூலையில் நின்ற பசையைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை.

"சரி ஐயா, சொல்றேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நூற்றிருபது பேரும் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். பெரிய அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தது. பிடிக்க வேண்டியவள் பசைதான், அது அவர் முடிவு. அதற்கு முன்னால் அவள் திருடனிடம் வந்து, "அண்ணே, வலிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்கண்ணே," என்று கெஞ்சினாள். "சொல்லிடறேம்மா. நீ இறுக்கிப் பிடி, இல்லன்னா ஒப்புக்கு செஞ்சோம்னு சொல்லிடுவாங்க," என்று அவர் தைரியம் சொன்னார். நான் மெத்தைக்குப் பக்கத்தில் ஐஸ் பையோடு நின்றேன்.

விசில் ஊதினார். திருடன் ஓடினார், நாற்பத்தொன்பது வயதுக்கு நம்ப முடியாத ஓட்டம். பசை துரத்தி, காலைத் தட்டிவிட்டு, குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் மடக்கினாள். "நான் இல்ல மேடம்! சத்தியமா நான் இல்ல!" என்று ஆரம்பித்தார் அவர். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. இப்போது சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. பசை கொஞ்சம் ஏற்றினாள். "நான் இல்ல மேடம்," என்றார் மறுபடியும். வாய் பழக்கத்தை விட மாட்டேன் என்றது. பசையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் விட்டால் அவள் வேலை போய்விடும். இன்னும் ஏற்றினாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நான்தான்!" என்று கத்தினார். "நான்தான் எடுத்தேன்! நான்தான் எடுத்தேன்!"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? ஒருவன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் பிடித்திருக்கிற போலீஸ்காரர் கையை விடுவாரா? ஆறு மாதம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவள் கையில் வந்து நின்றது. பசை இன்னும் இறுக்கினாள்.

"எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"விடாத!" என்று கத்தினார் விசில். "ஒத்துக்கிட்டான், விடாத!"

பெரிய அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். முப்பது வருடம் காத்திருந்த வாக்கியம் அவர் காதில் விழுந்திருக்கிறது. "பாக்கெட்டைப் பாருங்க!" என்றார். இரண்டு பையன்கள் பாய்ந்துபோய்ச் சோதனை போட்டார்கள். ஒருவன் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, சாட்சிப்பொருள் கிடைத்துவிட்டதுபோல் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவர் எதை எடுத்தார் என்று யோசித்துவிட்டேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தோள் கழலும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அடப்பாவிகளா, அதுதானே அந்த வார்த்தை! போதும்! போதும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பசையின் கை உடனே திறந்துகொண்டது. நூல்கண்டைத் தூக்கிப் பிடித்தவனும் அதைக் கீழே போட்டான். ஒரு நொடி பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் அறைக் கட்டிலில் கிடந்தார். கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பசை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். பெரிய அதிகாரியும் விசிலும் வாசலில் நின்றார்கள், உள்ளே வர முகம் இல்லாமல். திருடன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நம்புற மாதிரி சொன்னேனா சிஸ்டர்?"

"ஐயாவே நம்பிட்டாரே," என்றேன்.

அந்த வலியிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு முகம் மாறிவிட்டது. "நான் எதையும் எடுக்கல சிஸ்டர்," என்றார்.

"தெரியும்."

"அவங்களுக்கும் தெரியணும்."

பசை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கிற குரலில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "திருடண்ணன் எதையும் எடுக்கல!" என்று கத்தினாள். கட்டளை என்று நினைத்தோ என்னவோ, நூற்றிருபது பேரும், "எடுக்கல!" என்று திருப்பிக் கத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அவர் மனைவியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. எனக்கு அது வேண்டியதுதான். பசையை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்றைக்கு 'விடாத' என்று கத்தியவர்களும் 'பாக்கெட்டைப் பார்' என்றவர்களும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள்மேல் குற்றம் சொல்வார்கள்? பயிற்சி முடித்துச் சீருடை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சொன்னது சொன்னபடியே ஆயிற்று. கை மார்பு உயரத்துக்குமேல் எழவில்லை. இனி ஓட முடியாது, விழ முடியாது. அலுவலகத்தில் தபால் பிரிக்கிற வேலை தருவதாகப் பெரிய அதிகாரி சொன்னார். அவர் வேண்டாம் என்றார். மைதானத்து ஓரமாகவே நின்று யோசித்தார்.

"ஐயா, தப்பு வார்த்தையில இல்ல," என்றார். "பிடிபட்டவன் வாயில அதை வச்சதுதான் தப்பு. அன்னைக்கு சிஸ்டர் வெளியில நின்னு சொன்னாங்க, உடனே விட்டாங்க பாருங்க. உள்ள இருக்கிறவன் என்ன கத்தினாலும் விட வேணாம். வெளியில ஒரு ஆள் நின்னு சொல்லணும். அந்த ஆள் நானா இருந்துட்டுப் போறேன். எந்தத் தோள் எந்த இடத்துல கழலும்னு எனக்குத் தெரியும்."

பெரிய அதிகாரி இந்த ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. சரி என்றார். புதுத் திருடன் கிடைக்கும்வரை மாஸ்டர்களே முறைவைத்து ஓட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். முதல் முறை விசிலுடையது.

புதுப் பிள்ளைகள் வந்த முதல் வாரம் அது. விசில் தன் விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். இருபது அடி தாண்டவில்லை, மூன்று பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். ஒருவன் கையைப் பின்னால் ஏற்ற ஆரம்பித்தான். "போதும்! யோவ், போதும்னா விடுங்கடா!" என்று விசில் கத்தினார். யாரும் விடவில்லை. எல்லார் கண்ணும் மைதானத்து ஓரத்தில் நின்ற நம் ஆளைப் பார்த்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் கொஞ்சம் தாமதிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பதினோரு வருடம் இவர் பட்டார். ஒரு பத்து நொடி அந்த மனிதர் படட்டுமே.

"போதும்," என்றார் அவர், நான் நினைத்து முடிப்பதற்குள். பிடி உடனே விட்டது. விசில் எழுந்து தூசியைத் தட்டினார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கத்தில் போய், "என்ன அவசரம்? அவருக்கு வலி முகத்துலயே வரலியே," என்றேன்.

"முகத்துல வர்றப்ப தோள்ல எல்லாம் முடிஞ்சிருக்கும் சிஸ்டர்," என்றார். "நான் நாலு தடவை கத்தினேன். நாலு தடவையும் கத்தினதுக்கு அப்புறம்தானே நீங்க எல்லாரும் வந்தீங்க."

குரலில் கோபம் எதுவும் இல்லை. அவர் கையைத் தூக்க முடியாமல் தலையாலேயே சாடை காட்டி அடுத்த மூன்று பேரைக் கூப்பிட்டார். விசில் மறுபடியும் ஓடத் தயாராக நின்றார், அவரையே பார்த்துக்கொண்டு.